‘டெஸ்க்டொப் சைட்’ போட்டும் போனில் தளம் மாறவில்லை என்றால்

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: வீட்டில் கொம்பியூட்டர் இல்லை, போன் மட்டும்தான். ஒரு திணைக்களத்தின் விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பப் போனால் பாதிப் படிவம்தான் தெரிகிறது, அடுத்த பக்கத்துக்குப் போகிற பொத்தானையே காணவில்லை. தளத்தைக் கணினியில் தெரிகிற மாதிரிக் காட்டவென்று குரோமில் இருக்கிற ‘டெஸ்க்டொப் சைட்’ என்பதைப் போட்டால் சில தளங்கள் மாறுகின்றன, சில அசையவே இல்லை. மாறுகிற தளத்திலும் எழுத்தை வாசிக்க முடியவில்லை. இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா, இல்லை கணினி வைத்திருக்கிற கொமினிக்கேசன் கடைக்குத்தான் போக வேண்டுமா?

பெரும்பாலும் வழி இருக்கிறது தங்கச்சி. ஆனால் எதை அமத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த தளத்தில் திரும்பவும் மாட்டுப்படுவீர்கள். அந்தத் தெரிவு உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால் எங்கே எடுபடும், எங்கே எடுபடாது என்று நீங்களே பிடித்துவிடலாம். விஷயம் பெரிதில்லை. டெஸ்க்டொப் சைட் போட்டதும் உங்கள் போன் அந்தத் தளத்திடம் இரண்டு பொய் சொல்கிறது. ஒன்று, தன் பெயர். மற்றது, தன் அகலம். அவ்வளவுதான்.

முதலில் பெயர். ஒரு பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உலாவி தன்னை இன்னார் என்று அறிமுகம் செய்யும் ஒரு வரியையும் சேர்த்து அனுப்பும். அன்ட்ரொய்ட் குரோம் அனுப்புகிற வரியில் அன்ட்ரொய்ட் என்றும் ‘மொபைல்’ என்றும் இருக்கும். டெஸ்க்டொப் சைட் போட்டதும் இந்த இரண்டு சொல்லும் போய்விடும். அந்த இடத்தில் லினக்ஸ் கணினி என்று வரும். விண்டோஸ் என்றுகூட இல்லை, லினக்ஸ். (இதில் ஒரு வேடிக்கை: 2023இல் வந்த குரோம் 110ஆம் பதிப்பிலிருந்து, நீங்கள் எந்தப் போன் வாங்கினாலும் அந்த வரியில் ‘அன்ட்ரொய்ட் 10, கே’ என்றுதான் போகிறது. ஆளை அடையாளம் பிடித்துப் பின்தொடரக் கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம். லட்ச ரூபாய்ப் போனும் பழைய போனும் அங்கே ஒரே பெயர்தான்.)

அடுத்தது அகலம். உங்கள் போனின் திரையில் குறுக்காக 1080 புள்ளி இருக்கலாம், ஆனால் இணையத்தளத்தின் கணக்கில் சாதாரணப் போனின் அகலம் 360 முதல் 412 வரைதான். டெஸ்க்டொப் சைட் போட்டதும் உலாவி பெரும்பாலும் தன் அகலம் 980 என்று சொல்லிப் பக்கத்தை விரித்து அடுக்கிவிட்டு, பிறகு அதைத் திரைக்குள் அடங்கச் சுருக்கும். 980 எங்கிருந்து வந்தது என்றால், 2007இல் வந்த முதல் ஐபோனில் இருந்து. அப்போது தளங்கள் எல்லாம் கணினிக்கென்று செய்தவை. ஐபோனின் உலாவியான சபாரி அவற்றை 980 அகலத்தில் விரித்துச் சுருக்கிக் காட்டியது. இது போனுக்கென்று செய்த பக்கம், போனின் சொந்த அகலத்திலேயே காட்டு என்று தளம் செய்பவர் சொல்ல விரும்பினால் அதற்கும் ஒரு வரியை அப்பிள் கொடுத்தது. இன்று அநேகமாக எல்லாத் தளத்திலும் அந்த வரி இருக்கிறது. டெஸ்க்டொப் சைட் அந்த வரியைக் காணாத மாதிரி இருந்துவிடுகிறது. எழுத்து ஏன் இவ்வளவு பொடியாகிறது என்பதற்கும் இதுதான் காரணம்: 980ஐ 400க்குள் அடக்கினால் எல்லாம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆங்கிலம் என்றால் ஒருமாதிரி ஊகித்து வாசிக்கலாம். தமிழில் முதலில் காணாமற்போவது புள்ளி. ‘பெயர்’ என்று இருக்கிறதா ‘பெயர’ என்று இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றாகிவிடும்.

சரி, இப்போது தளங்களின் பக்கம். அவை இரண்டு வகை. பழைய வகை பெயரைப் பார்க்கும்: வந்தது போன் என்றால் ஆங்கில ‘எம்’ எழுத்தும் ஒரு புள்ளியும் முன்னால் ஒட்டிய வேறொரு முகவரிக்குத் தள்ளிவிடும். புதிய வகை பெயரைக் கேட்பதே இல்லை. ஒரே பக்கம்தான், திரை எவ்வளவு அகலமோ அதற்கேற்ப மடங்கிக்கொள்ளும். இந்த இரண்டாவது முறைக்கு 2010இல் ஈதன் மார்கொட் என்பவர் ஒரு கட்டுரையில் பெயர் வைத்தார். பிறகு உலகமே அதற்கு மாறிவிட்டது. பெயரைப் பார்க்கும் தளத்தில் முதற்பொய் வேலை செய்யும், அகலத்தைப் பார்க்கும் தளத்தில் இரண்டாவது பொய். அசையாத தளம் என்றால், இந்த இரண்டில் ஒன்று எங்கேயோ தடுக்குப்படுகிறது என்று அர்த்தம்.

கனபேருக்குத் தடுக்குப்படுகிற இடம் ‘எம்’ முகவரிதான். நீங்கள் ஏற்கெனவே அந்த முகவரியில் நிற்கிறீர்கள். டெஸ்க்டொப் சைட் போட்டதும் உலாவி அதே முகவரியைத்தான் திரும்பக் கேட்கும், தளமும் அதே பக்கத்தைத்தான் கொடுக்கும். முகவரிப் பட்டையைத் தட்டி அந்த ‘எம்’மையும் புள்ளியையும் கையால் அழித்துவிட்டுப் போங்கள். அதற்கும் திரும்ப அங்கேயே தள்ளினால், இந்த ஆள் போனில் வருபவர் என்று தளம் ஒரு குக்கியில், அதாவது உங்கள் உலாவிக்குள் அது வைக்கிற சின்னக் குறிப்பில், குறித்து வைத்திருக்கிறது. மறைநிலைத் தாவலில், அதாவது இன்கொக்னிட்டோவில் திறந்து, முதலில் டெஸ்க்டொப் சைட்டைப் போட்டுவிட்டு, பிறகு முகவரியைக் கொடுங்கள். அநேகமாக வழிக்கு வரும்.

இரண்டாவது இடத்தை எங்கேயும் எழுதியிருப்பதைக் காண்பது அரிது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். டெஸ்க்டொப் சைட் போட்டாயிற்று, பக்கமும் சுருங்கிவிட்டது, ஆனாலும் மெனு மட்டும் அதே மூன்று கோட்டுக்குள் மடங்கியிருக்கிறது. போன் ஏதோ பிழை என்று நினைப்பீர்கள். இல்லை. உலகத்தில் எத்தனையோ தளங்கள் பூட்ஸ்ட்ராப் என்ற இலவசக் கட்டமைப்பில் செய்தவை. அதில் பெரிய திரை என்பதன் எல்லை 992. உங்கள் உலாவி சொல்கிற அகலம் 980. பன்னிரண்டு புள்ளி குறைவு! தளம் உங்களைப் போன் என்று நினைக்கவில்லை, கணினி என்றும் நினைக்கவில்லை, டப்லெட் என்று நினைத்து நடுத்தர வடிவத்தைக் கொடுக்கிறது. இந்த இடத்தில் டெஸ்க்டொப் சைட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு எடுப்பதில் பலனில்லை. அந்த மூன்று கோட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் தேடுகிற இணைப்பு அதற்குள்ளேதான் இருக்கும்.

மூன்றாவது, நீங்கள் நிற்கிற இடம் உண்மையான உலாவியே இல்லை. பேஸ்புக்கில் யாரோ போட்ட இணைப்பைத் தட்டினால் அது பேஸ்புக்கின் வயிற்றுக்குள்ளேயே திறக்கும். அங்கே டெஸ்க்டொப் சைட் என்ற தெரிவைத் தேடி மினக்கெட வேண்டாம். அந்தத் திரையின் மெனுவில் வெளி உலாவியில் திற என்று இருக்கும், அதைக் கொடுத்து குரோமுக்கு வந்துவிடுங்கள். இணைப்பைத் தட்டியதும் தளத்துக்குப் போகாமல் அதன் செயலி பாய்ந்து திறக்கிறது என்றால், இணைப்பை அழுத்திப் பிடித்துப் புதிய தாவலில் திறவுங்கள்.

எங்கே அமத்துவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்ட்ரொய்ட் குரோமில் வலப்பக்க மூன்று புள்ளி, அதில் கீழே இறங்கினால் டெஸ்க்டொப் சைட். பயர்பொக்ஸிலும் மூன்று புள்ளிக்குள்தான். சாம்சுங்கின் சொந்த உலாவியில் கீழே மூன்று கோட்டுக்குள். ஐபோன் சபாரியில் முகவரிப் பட்டையின் ஓரத்தில் உள்ள சின்னம். ஐஓஎஸ் 13இல் அது சின்ன ஏ, பெரிய ஏ என்று இருந்தது, புதிய பதிப்புகளில் வடிவம் மாறியிருக்கிறது, ஆனால் தொட்டால் வருகிற மெனுவில் அந்தத் தெரிவு இருக்கும். குரோமின் அமைப்புகளில் தள அமைப்புகள் என்ற பகுதிக்குள் போனால் எல்லாத் தளத்துக்கும் இதை ஒரேயடியாகப் போட்டு வைக்கவும் முடியும். போடாதீர்கள். ரீலோட் போட்டு எண்ணி எண்ணி டேட்டா பாவிக்கிற எங்களுக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய படத்தையும் ஓரத்து விளம்பரங்களையும் இறக்குவது வீண் செலவு. அதே இடத்தில் குறிப்பிட்ட தளத்தை மட்டும் விதிவிலக்காகச் சேர்க்கலாம். உங்கள் திணைக்களத் தளம் ஒன்றுக்கு மட்டும் அதைச் செய்து வையுங்கள், காணும்.

பிளே ஸ்டோரில் ‘டெஸ்க்டொப் உலாவி’ என்று தனியாகச் சில செயலிகள் கிடக்கும். தேவையே இல்லை. அதே இரண்டு பொய்யைத்தான் அவையும் சொல்லும், மேலதிகமாக விளம்பரம் காட்டும். அடையாள அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் யார் செய்தது என்று தெரியாத உலாவிக்குள் அடிப்பது புத்தியில்லை.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருவோம். முதல் விஷயம், டெஸ்க்டொப் சைட்டைப் படிவத்தை நிரப்பத் தொடங்க முன்னரே போடுங்கள். போட்ட கணத்தில் பக்கம் புதிதாக இறங்கும். அதுவரை அடித்த முகவரி, பரீட்சைச் சுட்டெண், பாடசாலைப் பெயர் எல்லாம் போய்விடும். உள்நுழைந்த பிறகு மாற்றினால், வேறொரு கருவி வந்துவிட்டது என்று நினைத்து வெளியே தள்ளுகிற தளங்களும் உண்டு. எனவே புகுபதிகைப் பக்கத்திலேயே மாற்றிவிடுங்கள்.

பிறகு போனைக் குறுக்கே பிடியுங்கள். இதனால் தளத்தின் அமைப்பு மாறாது, ஆனால் அதே 980 இரண்டு மடங்குக்குக் கிட்டிய இடத்தில் விரிவதால் எழுத்து வாசிக்கிற அளவுக்கு வந்துவிடும். அடிக்கிறபோது விசைப்பலகை பாதித் திரையை மூடும். அடித்து முடித்ததும் பின்செல்லும் பொத்தானை ஒரு தரம் மட்டும் தட்டினால் விசைப்பலகை இறங்கும். இரண்டாம் தரம் தட்டினால் பக்கமே பின்னால் போய்விடும், கவனம். இரண்டு விரலால் பெரிதாக்க விடாமல் பிடிவாதம் பிடிக்கிற தளம் என்றால், குரோமின் அணுகல்தன்மை அமைப்புக்குள் பெரிதாக்குதலைக் கட்டாயமாக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள், எப்போதும் உதவும்.

பொத்தான் காணவில்லை என்றீர்கள். அது அநேகமாக வலப்பக்கத்தில் திரைக்கு வெளியே நிற்கும், அல்லது மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருக்கும். பழைய அரச தளங்களில் பெரும்பாலான மெனு மவுஸைக் கொண்டுபோய் வைத்தால் விரிகிற வகை. விரலுக்கு அந்த ‘வைத்திருத்தல்’ கிடையாது, தொடுதல் மட்டும்தான். தொட்டதும் தாய் மெனுவே வேறு பக்கத்துக்கு இழுத்துப் போய்விடும். எந்த உலாவி மாற்றினாலும் இது தீராது. தீர்க்கிற சாமான் ஓடிஜி என்று கேட்டால் போன் கடைகளில் தருகிற சின்ன இணைப்பான். அதைப் போனில் குத்தி, எங்கேயாவது கிடக்கிற பழைய யூஎஸ்பி மவுஸை அதில் செருகுங்கள். ஓடிஜி ஆதரிக்கிற அன்ட்ரொய்ட் போன் என்றால் திரையில் அம்புக்குறி வரும். அதைக் கொண்டுபோய் மெனுவில் வைத்தால் கணினியில் விரிகிற மாதிரியே விரியும். சில போன்களில் மட்டும் ஓடிஜியை அமைப்புகளில் போய் இயக்கிவிட வேண்டும். விசைப்பலகையும் இப்படியே செருகலாம். நீளமான படிவம் என்றால் அரைவாசி அலுப்பு குறையும். என்னைக் கேட்டால், கொம்பியூட்டர் இல்லாத வீட்டில் டெஸ்க்டொப் சைட் என்ற தெரிவைவிட இந்த இணைப்பான்தான் பெரிய உதவி. சாம்சுங்கின் உயர்விலைப் போன் யாரிடமாவது இருந்தால் டெக்ஸ் என்ற வசதியில் அதை டிவியோடு இணைத்துக் கணினி போலவே பாவிக்கலாம், ஆனால் அது எல்லார் கையிலும் இருக்கிற போன் இல்லை.

ஓடிபி வருகிறபோது குறுஞ்செய்திச் செயலிக்குப் போய்வர வேண்டாம். நினைவகம் குறைந்த போனில், நீங்கள் திரும்பி வருவதற்குள் குரோம் அந்தப் பக்கத்தைக் கைவிட்டிருக்கும்; வந்ததும் முதலில் இருந்து இறங்கும். மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்து இலக்கத்தை அங்கேயே பார்த்து அடியுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் சேமிக்கிற வசதி இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் சேமியுங்கள்.

டெஸ்க்டொப் சைட்டால் ஆகாத காரியங்களையும் சொல்லிவிட வேண்டும். எழுத்து உடைந்து ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிற பழைய தமிழ்ப் பக்கங்கள் அதில் முக்கியம். அவை பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை. எழுத்துரு உங்கள் கருவியில் இருந்தால்தான் அது தமிழாகும். பெயரையும் அகலத்தையும் மாற்றிப் பயனில்லை. அந்தப் பந்தியை அழுத்திப் பிடித்துப் பிரதி எடுத்து, பாமினியை யுனிகோடாக மாற்றும் ஒரு பக்கத்தில் ஒட்டினால் வடிவான தமிழ் வந்துவிடும். பிளாஷில் செய்தவை 2020 கடைசியோடு கணினியிலேயே முடிந்துபோயின. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்யும் என்று எழுதியிருக்கிற தளத்துக்கும் போனில் வழியில்லை. அந்த உலாவியை மைக்ரோசொப்டே 2022 ஜூனில் கைவிட்டுவிட்டது. வங்கி வேலைக்கு வங்கியின் சொந்தச் செயலியைப் பாவியுங்கள், அங்கே இந்த விளையாட்டு வேண்டாம்.

தளமே தன் கையால் கணினி வடிவத்தைத் தருகிறது என்றால் உலாவியின் தெரிவை விட அதுதான் நல்லது. விக்கிப்பீடியா அப்படித்தான், பக்கத்தின் அடியில் கணினி வடிவத்துக்குப் போகிற இணைப்பு இருக்கும். ஓ.எல்., ஏ.எல். பிள்ளைகள் ஒப்படைக்காகத் தமிழ் விக்கிப்பீடியாவைப் பார்க்கிறபோது இதைச் செய்ய வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் போன்ற ஒரு கட்டுரையைப் போனில் பார்த்தால் அடியில் வருகிற தொடர்புக் கட்டுரைப் பட்டைகள் தெரியாது. கணினி வடிவத்தில் தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் தேடுகிற பிள்ளைக்கு அதுதான் பாதித் திறப்பு.

வட்ஸ்அப் வெப்பை இன்னொரு போனில் டெஸ்க்டொப் சைட் போட்டுத் திறக்கிற பழக்கம் இங்கே பல வீடுகளில் இருந்தது. கனடாவில் இருந்து வருகிற படங்களை அம்மாவின் போனிலும் மகளின் போனிலும் பார்க்க அது ஒன்றுதான் வழி என்று நினைத்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் இருந்து அதே கணக்கை இன்னும் நான்கு போன் வரைக்கும் நேரடியாக இணைக்கலாம், வட்ஸ்அப்பிலேயே அந்த வசதி இருக்கிறது. அதோடு ஒன்று: கைரேகைப் பூட்டோ முகப் பூட்டோ போடாத போன் ஒரு நிமிடம் வேறு யாரிடமாவது திறந்தபடி இருந்தால் போதும், அவர் தன் போனில் உங்கள் கணக்கை இணைத்துவிட்டுப் போகலாம். வட்ஸ்அப் அமைப்புகளில் இணைத்த கருவிகள் என்ற பகுதியை ஒருக்கால் திறந்து பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள்.

படிவம் முடிந்து உறுதிப் பக்கம் வந்ததும் குரோம் மெனுவில் பகிர், பிறகு அச்சிடு. அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பிடிஎப் ஆகச் சேமிக்கிற தெரிவைக் கொடுங்கள். கொமினிக்கேசனுக்கு அந்தக் கோப்பை மட்டும் கொண்டுபோனால் காணும். அவர்களின் கணினியில் உங்கள் கடவுச்சொல்லை அடிக்க வேண்டிய தேவையே வராது.

இவ்வளவும் செய்தும் அந்தத் தளம் அசையவில்லை என்றால், தொடுதிரை இருக்கிறதா என்றெல்லாம் ஆழமாகச் சோதிக்கிற தளம் அது. அப்போது மல்லுக்கட்டாமல் கொமினிக்கேசனுக்கே போங்கள். போனால் அங்கே குரோமைத் திறந்து கண்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அமத்துங்கள், மறைநிலைச் சாளரம் வரும். அதற்குள் வேலையை முடித்து மூடினால் கடவுச்சொல் தங்காது. ஆனால் இறக்கிய கோப்பும் ஸ்கேன் செய்த அடையாள அட்டையும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் அப்படியே கிடக்கும், மறைநிலை அதை அழிக்காது. எழும்ப முன் அதை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டு வாருங்கள்.